எல்லாக் கதவுக்கும் ஒரு நிலைப்படி

எங்கள் அலுவலகத்தில் டீ குடிக்க இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சத்தமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "விட்டுட்டேன்." சொல்லாமல் இறங்கியவர்களைப் பாதிப் படிக்கட்டில் நிறுத்தித் திரும்ப மேலே ஏற்றியிருக்கிறேன். டீ ஆறிப்போகும் என்று கெஞ்சுவார்கள். ஆறட்டும் என்பேன். எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையின் மாடி அது. இரண்டாயிரங்களின் பிற்பாதி. வெளிநாட்டில் யாரோ கட்டப்போகிற கட்டடத்தை முன்கூட்டியே கணினிக்குள் முழுதாகக் கட்டிக் காட்டுவது எங்கள் வேலை. கோடு போடுவது வேறு, இது வேறு. இங்கே சுவர் என்றால் அதற்குக் கனம் உண்டு, உயரம் உண்டு, உள்ளே எந்தக் கல் என்பதும் உண்டு. கீழே பூச்சிமருந்து வாடை அடிக்கும். மேலே நாங்கள் பார்த்தேயிராத ஊர்களில் மாடி மேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருப்போம்.

அதற்கு முன்பு, தொண்ணூறுகளில், சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஓர் இன்ஜினியரிடம் படம் வரைந்துகொண்டிருந்தேன். டிரேசிங் தாள், மைப் பேனா. தப்பாகக் கோடு விழுந்தால் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. என் தாள் என் மேசையில் இருக்கும். அதில் வேறு எவரும் கை வைக்க முடியாது. மாடி அலுவலகத்தில் அந்தச் சுகம் போயிற்று. அங்கே மொத்தக் கட்டடமும் ஒரே கோப்பு. அதை மெயின் ஃபைல் என்போம். ஆளுக்கு ஒரு நகலைத் தங்கள் கணினியில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒரே கட்டடத்தைக் கட்டுவோம். செய்ததை அவ்வப்போது மெயின் ஃபைலோடு சேர்க்க வேண்டும்.

ஒருவர் எழுப்பும் சுவரை இன்னொருவர் இடிக்காமல் இருக்க, கட்டடத்தைப் பங்கு பிரிப்பது என் பொறுப்பு. வெளிச்சுவர் ஒரு பங்கு, உள்சுவரும் கதவும் ஒரு பங்கு, படிக்கட்டு ஒன்று, கூரை ஒன்று. ஒர்க்செட் என்று அதற்குப் பெயர். எங்கள் வாயில் அது பங்குதான். ஒருவர் ஒரு பங்கைக் கையில் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் அதைத் தொட முடியாது. தொட்டால், இன்னார் வைத்திருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்று திரையில் எழுத்து வரும். எடுத்தவர் தன் வேலையைச் சேர்த்துவிட்டுப் பங்கை விட வேண்டும். விடாமல் டீக்கடைக்குப் போய்விட்டால் மற்றவர்கள் விரல் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்குத்தான் அந்த "விட்டுட்டேன்."

என் மேசைக்கு அடுத்த மேசையில் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் இருந்தாள். விவசாயக் குடும்பம். இதைச் சொல்லிக்கொடுத்த முதல் நாளே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது எங்க ஊரு கூட்டுக் கெணறுதேங்க்கா," என்றாள். "நம்ம மொறையில தண்ணி பாச்சிக்கிறணும். மொறை முடிஞ்சா மோட்டார நிப்பாட்டி, மடையக் கட்டிட்டுத்தேன் வீட்டுக்குப் போகணும். கட்டாமப் போனா வெட்டுக்குத்துதேன்."

பட்டணத்துப் பையன்களுக்கு நான் வாரக்கணக்கில் தொண்டை வறள விளக்கியும் ஏறாதது, கிணற்றுப் பங்குக்கு அடித்துக்கொள்கிற ஊரில் பிறந்தவளுக்கு ஒரே வாக்கியத்தில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. யார் கையில் எது இருந்தாலும் அதைப் பிடுங்கிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. ஆனால் பிடுங்கினால், அந்த ஆள் தன் கணினியில் செய்து இன்னும் சேர்க்காமல் வைத்திருக்கும் வேலை அப்புறம் எங்கேயும் சேராது. அப்படியே வீணாகப் போகும். ஒரு தடவை முதலாளி அவசரப்பட்டு ஒருவரின் படிக்கட்டைப் பிடுங்கிவிட்டார். அந்த மனிதர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு, கேட்காமல் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்குவதில்லை என்று நான் வைத்துக்கொண்டேன். முதலாளி சொன்னாலும் கேட்க மாட்டேன்.

அந்த வருடம்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு நடைதான் திரும்பவில்லை. சக்கர நாற்காலி வந்தது. அம்மா பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வகுப்பையே ஒரு பார்வையில் உட்கார வைத்த மனுஷி. நாற்காலியையும் அப்படித்தான் ஒரே வாரத்தில் அடக்கினாள். வாசலுக்குப் போகும் குறுகல் நடையில் திருப்புவாள், அடுப்படிக்குள் பின்பக்கமாகப் போவாள், வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே முன்வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவாள். முன்வாசலோடு சரி.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. முன்பாதி எங்களுக்கு. பின்பாதி சித்தப்பாவுக்கு. அப்பா இறந்த பிறகு முன்பாதியில் அம்மாவும் நானும்தான். நடையும் முன்வாசலும் இரண்டு பங்குக்கும் பொது. அந்த வாசலுக்கு வேங்கை மரத்தில் நிலை. நாலு பக்கமும் மரம். அடியில் குறுக்கே கிடக்கிற கட்டைதான் நிலைப்படி, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். பிறந்ததிலிருந்து காலைத் தூக்கித் தாண்டிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சக்கரத்துக்கு அது மதில்சுவர்.

பலகை போட்டுப் பார்த்தோம். உள்பக்கம் ஏறும்போது நாற்காலி பின்னால் சாய்ந்தது. வெளிப்பக்கம் இறங்கும்போது அம்மா நேராகத் தெருவில் போன சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள். சைக்கிள்காரர் திட்ட, அம்மா திருப்பித் திட்ட, பலகை பரணுக்குப் போயிற்று.

பிறகு சித்தப்பா தூக்க ஆரம்பித்தார். ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் அவருக்குக் காய்கறித் தோட்டம் இருந்தது. மண்வெட்டி பிடித்த கை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போக வேண்டுமானால், எதிர்வீட்டு மனிதரையும் கூப்பிட்டுக்கொண்டு, "மதினி, கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று நாற்காலியோடு தூக்கி வெளியே வைப்பார். அண்ணன் மனைவி என்ற மரியாதையில் அவர் முகம் அப்போது பெருமையாக இருக்கும். அம்மாவின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

ஒரு ஞாயிறு திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னாள். "ஏத்தா, மனுசங்க தூக்கி வாசலத் தாண்டுறது ஒரு தடவதேன். அதுக்கு இப்பவே ஒத்திகை பாக்கச் சொல்றியா?"

அதற்குப் பிறகு பூசைக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். சித்தப்பாவிடம் மேலுக்கு முடியவில்லை என்று சாக்குச் சொன்னாள். காலையில் காய்கறி வண்டி தெருவில் நிற்கும்போது ஜன்னல் கம்பி வழியாகச் சண்டை போடுவாள். வண்டிக்காரர் கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டுவார். "காட்டாதப்பா, தொட்டுப் பாக்கணும், தொட்டு" என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தன் கையால் சக்கரத்தை உருட்டித் தன் வாசலைத் தாண்டி, கத்திரிக்காயைத் தொட்டுப் பார்த்து வாங்குவது. அது முடியவில்லை என்று அவள் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அலுவலகத்தில் எல்லோர் மேலும் விழுந்தேன்.

அலுவலகத்தில் அப்போது ஒரு முதியோர் இல்லம் கட்டிக்கொண்டிருந்தோம். வெளிநாட்டில், குளிர் ஊரில். மாடிக்கு மாடி அறைகள், அறைக்கு அறை கதவுகள். மென்பொருளோடு வரும் கதவுகள் அவர்கள் கேட்ட மாதிரி இல்லை. அதனால் சொந்தமாக ஒரு கதவு செய்ய வேண்டியிருந்தது. அப்படித் தனியாகச் செய்து கட்டடத்துக்குள் கொண்டுவருகிறவற்றை நாங்கள் உருப்படி என்போம். ஒரு கதவை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அகலத்தை மாற்றினால் பலகை, சட்டம், கீல் எல்லாம் தானே நகர்ந்துகொள்ளும். மூல உருப்படியில் ஒரு ஆணியை மாற்றினால் கட்டடம் முழுக்க அந்த ஆணி மாறும். நன்மையும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

உருப்படி செய்வதில் அந்த ரெட்டியார்சத்திரத்துப் பெண் கெட்டிக்காரி. கதவை அவள்தான் செய்தாள். உள்சுவரும் கதவும் உள்ள பங்கு அவள் கையில். சட்டத்தின் குறுக்குவெட்டை வரைந்து, வாசலைச் சுற்றி ஒரு சுற்று ஓடவிட்டாள். பக்கம் இரண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று. அழகாக மூடிக்கொண்டது. நான் பார்த்தேன், முதலாளி பார்த்தார், கூரை போடுகிறவரும் படிக்கட்டு போடுகிறவரும் எட்டிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றோம். மூன்று மாடிக்கும் அந்தக் கதவை நிறுத்தி அனுப்பினோம்.

ஒரு காலையில் பதில் வந்தது. முதலாளி சத்தமாக வாசித்தார். வெளிநாட்டுக்காரர் நிரம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார்: எல்லாக் கதவின் அடியிலும் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறதே, அது எதற்கு? இங்கே இருக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் சக்கர நாற்காலியில்தான் வருவார்கள்.

"கட்டையா? எந்தக் கட்டை?" என்றார் முதலாளி.

எல்லோரும் கதவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மையிலேயே முதலில் யாருக்கும் தெரியவில்லை. "நிலைப்படியத்தேன் சொல்றாரோ?" என்று கூரைக்காரர் இழுத்தார். அப்புறம்தான் தெரிந்தது.

"கதவுன்னா நிலை இருக்கும். நிலைன்னா நிலைப்படி இருக்கும். இதென்னய்யா கேள்வி?" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு அவரே தலையைச் சொறிந்துகொண்டார்.

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரின் வீட்டு முன்வாசலிலும் அந்தக் கட்டை இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் பூசும் வீடும் இருந்தது, எங்கள் வீடு மாதிரி மேல்கட்டையில் சிலுவை செதுக்கியதும் இருந்தது. வேறு நாட்டுக்காரன் ஒருவன் எங்கள் நடுவில் இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பான். எங்களுக்கு அது கண்ணில் படாது. எங்கள் கால் மட்டும்தான் அதை அறியும்.

திருத்துவது சுலபம். மூல உருப்படியில் அடிக்கட்டையை எடுத்துவிட்டுத் கட்டடத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தால் போதும். ஆனால் கதவுப் பங்கு அவள் கையில் இருந்தது. அவள் அன்று லீவு. அவசரத்தில் முந்தின நாள் விடாமல் போய்விட்டாள். சாயங்காலம் கரண்டு போனதில் எல்லோரும் தடதடவென்று இறங்கியிருந்தோம். யார் "விட்டுட்டேன்" சொன்னார், யார் சொல்லவில்லை என்று யாருக்குக் கேட்டது? மேல்மாடிக் கதவுகளின் அளவு முழுவதையும் திருத்தி, சேர்க்காமல் அவள் கணினியிலேயே வைத்திருந்தாள்.

"பிடுங்குங்க," என்றார் முதலாளி. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

"மாட்டேன் சார். அவ வேலை போயிரும்."

"திரும்பச் செய்யட்டும்."

"நீங்க உக்காந்து செய்வீங்களா?"

முதலாளி என்னை முறைத்தார். நான் அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே சத்தம், பெண்கள் குலவை போடுகிறார்கள். அவர்கள் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அன்று நிலை வைக்கிறார்களாம். அதற்குத்தான் லீவு. விஷயத்தைச் சொன்னேன். மறுபடியும் ஒரு குலவை கேட்டது.

"வாரேங்க்கா," என்றாள். "யாரையும் தொட விட்றாதீக."

மதியத்துக்கு மேல் பட்டுச்சேலையோடு மாடி ஏறி வந்தாள். விரலெல்லாம் மஞ்சள். சேலை முந்தியில் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேல்மாடி அளவுகளைச் சேர்த்தாள். "விட்டுட்டேங்க்கா," என்றாள். பிறகு மூலக் கதவைத் திறந்து, சட்டத்தின் சுற்றில் அடிக்கோட்டை அழித்தாள். பக்கச் சட்டங்கள் தரையைத் தொட்டு நின்றன. அதை மெயின் ஃபைலுக்குள் கொண்டுவந்ததும் கண்ணிமைக்கிற நேரத்தில் கட்டடம் முழுக்க எல்லாக் கதவிலும் அடிக்கட்டை மறைந்தது. தரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தடையில்லாமல் ஓடியது. எல்லோரும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அங்க ஒண்ண வச்சு மஞ்சப் பூசிட்டு, இங்க வந்து அம்புட்டையும் புடுங்கிப் போட்டாச்சு," என்றாள் அவள். "எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்குள்ள விடாது."

சிரித்துவிட்டு எல்லோரும் டீ குடிக்க இறங்கினோம். ஒருவர் பாக்கியில்லாமல் சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முன்வாசலில் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே பார்த்தேன். வேங்கைக்கட்டை, நடுவில் தேய்ந்து மினுமினுவென்று கிடந்தது. அம்மாவுக்காகப் பலகை போட்டோம், ஆள் வைத்துத் தூக்கினோம், வீட்டை மாற்றலாமா என்றுகூடப் பேசினோம். இந்தக் கட்டையை எடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பகலெல்லாம் அதே கட்டையைத் திரையில் பார்த்துவிட்டு வந்த எனக்கும், கால் அந்தரத்தில் நிற்கிற வரைக்கும் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நாற்காலியை வாசலுக்கு ஓட்டி வந்து, கட்டையையே வெகுநேரம் பார்த்தாள்.

"இத அறுக்கலாமா?"

"அறுக்கலாம்மா."

"இத்தன நாளா நமக்கு ஏன்த்தா தோணல?"

அம்மாவுக்கு அதற்குள் பரபரப்பு வந்துவிட்டது. "ஒங்க சித்தப்பன் நாளைக்கு செம்பட்டிக்குக் காய் ஏத்திக்கிட்டுப் போறான். சாயந்தரந்தேன் வருவான். ஆசாரியக் கூப்பிட்டு அதுக்குள்ள அறுத்துப் போட்ருவோம். அப்பறம் கத்துனா கத்திட்டுப் போறான்."

ஆசை எனக்கும் இருந்தது. மறுநாளே அம்மா தெருவில் நிற்பதை நினைத்தால் யாருக்குத்தான் இருக்காது? ஆனாலும் வாசல் பொது. "வேணாம்மா, கேட்டுட்டுச் செய்வோம்," என்றேன்.

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும். ஏன் மாட்டேங்குறார்னாவது தெரியும்ல."

அம்மா என்னை ஒரு டீச்சர் பார்வை பார்த்தாள். ஆனால் மறுக்கவில்லை.

அம்மா சொன்னபடியே சித்தப்பா மாட்டேன் என்றார். முதலில் தாத்தா வைத்த நிலை என்றார். சர்ச் சாமியார் வந்து மந்திரித்த நிலை என்றார். நிலையை அறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "ஆகாததெல்லாம் ஏற்கெனவே ஆயிருச்சு சித்தப்பா. அப்பா போயிட்டாரு, அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சிருச்சு. நிலை அப்பவும் நல்லாத்தான இருந்துச்சு?"

அவர் முகம் சிவந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் இறங்கி வந்தது.

"தெருவுல என்ன பேசுவாக, சொல்லு. அண்ணன் பொண்டாட்டியத் தூக்கி எறக்க வீட்டுல ஒரு ஆம்பள இல்ல, அதேன் நிலைய அறுத்துட்டாகன்னு பேச மாட்டாக? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல. எங்க மதினிய நான் தூக்க மாட்டேனா?"

எனக்கு வந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அறுத்துப் போட்டிருந்தால் இந்தப் பேச்சு எங்கள் காதில் விழுந்தே இருக்காது. அவர் தூக்குவதை அம்மா வெறுத்தாள். அவரோ அதைத் தன் கடமையாக, இன்னும் சொன்னால் தன் பாக்கியமாக வைத்திருந்தார். ஒரே வாசலில் நின்றுகொண்டு இருவரும் ஆளுக்கொரு கணக்கில் இருந்தார்கள்.

அம்மாவிடம் வந்து அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு அவள் நாற்காலியை உள்ளே திருப்பிக்கொண்டாள். பல நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரேயடியாக ஜன்னல் பக்கமும் போகவில்லை. வண்டிக்காரர் வந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார். நான் ஓடிப்போய் ஏதாவது வாங்கி வருவேன். அம்மா அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்க மாட்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் கோயில் திருவிழா வந்தது. அன்று காலை சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டு, நடையில் வந்து நின்றார். "மதினி, திருவிழா அன்னைக்காவது பூசைக்கு வராம இருக்கலாமா? வாங்க, செத்த நேரந்தேன், தூக்கி எறக்கி விட்டுடுறேன்."

அம்மா நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேராக நிறுத்தினாள்.

"தம்பி, நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப நீ பள்ளிக்கூடத்துப் பையன். அப்ப இருந்து ஒனக்கும் எனக்கும் ஒரு மனத்தாங்கல் கெடையாது. இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ நல்லாத்தேன் தூக்குற. பூ மாதிரிதேன் எறக்குற. ஆனா நீ தூக்கும்போதெல்லாம் நான் செத்துப்போன மாதிரி இருக்குடா. எனக்குப் பிடிக்கல. நானாப் போகணும். ஊர்ந்தாவது நானாப் போகணும்."

தெருவில் கோயில் மேளம் கேட்டது.

"இம்புட்டு நாளா ஏன் மதினி சொல்லல?"

"நீ வருத்தப்படுவன்னுதேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைத்துக்கூடத் துடைக்கவில்லை. காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினார். அன்று பூசைக்கு அவர் மட்டும் தனியாகப் போனார்.

திருவிழா முடிந்த கையோடு ஒரு காலை சித்தப்பாவே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆசாரி கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வேங்கை, அறுக்க மனசு வரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தானா என்று கேட்டார். "இது ரெண்டு பங்குக்கும் பொது. நான் சொல்லிட்டேன்," என்று சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அறுங்கய்யா" என்றாள். வாள் இறங்கும்போது சித்தப்பா பின்பக்கம் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கட்டையைப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் வந்து பள்ளத்தை அடைத்து, உள்தரையிலிருந்து தெருவரைக்கும் சரிவாகச் சிமெண்டு பூசினார். காய்கிற வரைக்கும் அம்மா காவல் இருந்தாள், ஒரு கோழியைக்கூட விடவில்லை. அறுத்த கட்டையைச் சித்தப்பா தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கு எடுத்துப்போனார், உட்காருவதற்கு ஆகும் என்று.

சிமெண்டு காய்ந்து, வண்டிக்காரரின் குரல் கேட்ட முதல் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா நாற்காலியை வாசலுக்கு ஓட்டினாள். நான் பின்னால் போனேன். சித்தப்பாவும் வந்துவிட்டார். அவர் கை தன்னையறியாமல் நாற்காலியின் பிடிக்குப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டார்.

நிலைக்கு நடுவில் அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு சக்கரத்தைத் தள்ளினாள். சத்தமே இல்லை. ஒரு தட்டு, ஒரு குலுக்கல், எதுவும் இல்லை. சரிவில் மெதுவாக இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கத்திரிக்காயை ஒன்று எடுத்தாள், அமுக்கினாள், காம்பைப் பார்த்தாள். "முத்தல்," என்று திரும்பப் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பை வேண்டுமே என்று சித்தப்பா உள்ளே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வேகமாகத் திரும்பினார். வாசலுக்கு வந்ததும் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, காலை நன்றாக உயர்த்தி, இல்லாத நிலைப்படியைத் தாண்டினார். கால் நினைத்ததைவிடக் கீழே போய் விழ, சரிவில் தடுமாறி இரண்டு எட்டு ஓடி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா சிரித்தாள். கையில் கத்திரிக்காயோடு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். விழுந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சித்தப்பாவும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அவர்களிடம் போகக் கிளம்பி, அதே இடத்தில் காலைத் தூக்கித்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா இருந்த வருடங்கள் முழுக்க அப்படித்தான். நாங்களும், எதிர்வீட்டுக்காரரும், பூசை முடிந்து பார்க்க வருகிற சாமியாரும், எல்லோரும் அந்த வாசலில் காலைத் தூக்கித் தாண்டித்தான் நுழைந்தோம். அம்மா ஒருத்திதான் நேரே போய் நேரே வந்தாள்.